பிள்ளைக்காம்பராவில் பச்சைப்பிள்ளையை எப்படித் தூங்கவைப்பது?

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் தாய்க்குச் சட்டப்படி கிடைக்கும் பிரசவ விடுமுறை 84 நாள். அதில் இரண்டு வாரம் பேற்றுக்கு முந்தியது. ஆக, அவர் மறுபடி வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் போய் நிற்கும் காலையில் கைப்பிள்ளைக்கு இரண்டரை மாதம், மிஞ்சினால் மூன்று மாதம். 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரை, ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு அடுத்த பேற்றுக்கு 42 நாள்தான். ஒரு மாதம் தாண்டியதும் பிஞ்சைப் பிள்ளைக்காம்பரா எனும் தோட்டத்துப் பராமரிப்பு அறையில் விட்டுவிட்டு மலையேறிய தாய்மார் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்து லயங்களில் இன்றும் இருக்கிறார்கள்.

குழந்தை மருத்துவத்தில் வேறொரு கணக்கு உண்டு. நோய்நொடி இல்லாத பிள்ளை தூங்கப் போட்ட இடத்திலேயே மூச்சடங்கிப் போவதையும், எவ்வளவு தேடியும் அதற்குக் காரணம் கிடைக்காமல் போவதையும் திடீர் சிசு மரணம் என்பார்கள். அது மிக அதிகமாக நேர்வது பிறந்த இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில். பத்தில் ஒன்பது மரணங்கள் ஆறு மாதத்துக்குள் நடந்துவிடுகின்றன. தாயின் கையிலிருந்து பிள்ளைக்காம்பரா ஆயாவின் கைக்குப் பிள்ளை மாறும் நாட்களும் இந்த நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. மலையகத்தில் கைப்பிள்ளையின் தூக்கத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இடம் மாறுவதே ஆபத்தைக் கூட்டும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் 11 மாநிலங்களில் நடந்த இத்தகைய மரணங்களை மருத்துவர் ரேச்சல் மூன் குழுவினர் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு மரணம் பிள்ளை வேறொருவரின் பராமரிப்பில் இருந்தபோது நடந்திருந்தது. அப்படி இறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அந்தப் பராமரிப்புக்குப் போன முதல் வாரத்திலேயே இறந்திருக்கின்றன. வீட்டில் மல்லாந்து தூங்கிப் பழகிய பிள்ளையை அழுகை அடங்கட்டும் என்று யாரோ குப்புறப் போட்டுவிடுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். பழக்கமில்லாமல் திடீரெனக் குப்புறக் கிடத்தப்படும் பிள்ளைக்கு, எப்போதும் குப்புறத் தூங்கும் பிள்ளையைவிடவும் ஆபத்து அதிகம்.

குப்புறப் படுத்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது? முகம் துணியில் புதைந்தால் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. பிராணவாயு குறைகிறது, கரியமிலவாயு கூடுகிறது. பெரியவர்களாக இருந்தால் மூளை உடனே தட்டி எழுப்பிவிடும், நாம் புரண்டு படுப்போம். இரண்டு மூன்று மாதப் பிள்ளையின் மூளைத்தண்டில் அந்த எச்சரிக்கை இன்னும் முழுதாக அமைந்திருக்காது. சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே அது பலவீனம். வெளியில் பார்த்து அந்தப் பிள்ளை எது என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதி: பகல் தூக்கமோ இரவுத் தூக்கமோ, ஒவ்வொரு முறையும் மல்லாக்கவே கிடத்த வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைப்பதும் போதாது, அந்த நிலையிலிருந்து குப்புற உருள்வது மிக எளிது.

மேல்நாட்டில் ஒரு காலத்தில் மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்னார்கள். கோடிக்கணக்கான தாய்மார் படித்த பெஞ்சமின் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950களின் பிற்பகுதியிலிருந்து அதையே சொன்னது. பிரிட்டனில் 1991இலும் அமெரிக்காவில் 1994இலும் மல்லாக்கக் கிடத்தும்படி நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியபின் இந்த மரணங்கள் பாதியாகவும் அதற்குக் கீழாகவும் குறைந்தன. மருந்தில்லை, ஊசியில்லை, கிடத்தும் விதம் மாறியது, அவ்வளவே. நம் பாட்டிமார் மல்லாக்கக் கிடத்தியே வளர்த்தவர்கள். அந்தப் பழக்கத்தை விடாமல் காப்பாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒரு பயம் குறுக்கே நிற்கிறது. பால் புரையேறிச் சிசு மரணம் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. மல்லாந்து கிடந்தால் கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாதா என்று தாய்மார் கேட்பது இயல்பே. உடலின் அமைப்பைப் பார்த்தால் விடை தெரியும். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. மேலேறி வரும் பால் பள்ளத்தை நோக்கி உணவுக்குழாய்க்கே திரும்பும். பிள்ளை அதை விழுங்கிவிடும் அல்லது இருமி வெளியே தள்ளும். குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. இறந்த பிள்ளையின் மூச்சுக்குழாயில் பால் இருந்தது என்பதாலேயே பால்தான் கொன்றது என்றும் ஆகாது. உயிர் பிரியும் வேளையில் வயிற்றில் உள்ளது மேலேறி வருவது உண்டு என்பது பிரேத பரிசோதனை செய்யும் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். பிள்ளையை இழந்த தாயைப் பார்த்து, பாலைச் சரியாகக் கொடுக்கவில்லை என்று ஊரார் சொல்லும் பேச்சு கொடுமையானது. பல வேளைகளில் அது உண்மையும் அல்ல.

பாலூட்டியபின் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விடவைப்பது நல்லதுதான். ஆனால் கொழுந்து மலையிலிருந்து ஓடிவரும் தாய்க்கு அதற்கு நேரம் ஏது? ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தாய்க்கு வேலைநாளில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் தடவைக்கு அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. அந்த அரை மணி பிள்ளையின் வயிற்றுக்குப் போதலாம். மேட்டில் ஏறி இறங்கும் நடையையும் அதற்குள் அடக்கச் சொன்னால் போதாது. தாய் கொடுத்துவிட்டு ஓடினால், பிள்ளையைக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்திருந்து பிறகு கிடத்துவது ஆயாம்மாவின் கையில் இருக்கிறது. அதற்கு அவருக்குக் கை ஓய்வாக இருக்க வேண்டும்.

அடுத்தது சேலைத் தொட்டில். உத்திரத்தில் கட்டிய சேலைக்குள் பிள்ளை ஆடித் தூங்குவது நாலைந்து தலைமுறையாக லயத்திலும் பிள்ளைக்காம்பராவிலும் கண்ட காட்சி. அதைக் கேவலமாகப் பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் அடுப்பும் ஆட்களும் நிறைந்திருக்கும்போது, பிள்ளையைத் தரையின் குளிரிலிருந்தும் மிதிபடாமலும் காத்தது அந்தச் சேலைதான். ஆனாலும் நான்கு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு அதில் ஆபத்து இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. சேலையின் அடி குழிந்து பிள்ளை வளைந்து கிடக்கும். கழுத்து நிற்காத வயதில் தலை முன்னுக்குச் சாய்ந்து தாடை மார்பில் படிந்தால் மூச்சுவழி ஒடுங்கும், சத்தமே வராது. பக்கத்துத் துணி முகத்தில் மூடலாம். தொட்டில் கம்பு வைத்து விரித்தால் துணி மூடுவது குறையும், குழிவு குறையாது. பிள்ளை புரளவும் எழும்பவும் தொடங்கிய பிறகு வேறு ஆபத்து: விழலாம், துணி முறுக்கிக் கழுத்தில் சுற்றலாம். சேலைத் தொட்டிலில் கழுத்து இறுகி இறந்த பிள்ளைகளைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

இந்த ஆபத்து சேலைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2019ஆம் ஆண்டு ஃபிஷர் பிரைஸ் நிறுவனம் சாய்வாகப் படுக்கவைக்கும் தன் தொட்டில்களை, ஏறத்தாழ 47 இலட்சத்தை, சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த சிசுப் படுக்கைகளை 2022ஆம் ஆண்டு அங்கே சட்டமே தடை செய்தது. விலை கூடிய பொருளிலும் கழுத்து மடிந்தால் நடப்பது அதேதான். ஆகவே இது நம் ஏழ்மையின் குறை அல்ல.

தொட்டிலில் ஆட்டித் தூங்கவைத்தாலும், கண் அசந்ததும் எடுத்துச் சமதளத்தில் கிடத்துவதே சரி. முடியாத வேளையில் முகம் தெரிய, தாடை நிமிர்ந்திருக்க, ஒரு பெரியவர் பார்வையிலேயே தொட்டில் இருக்க வேண்டும். ஆட்டும் பொறுப்பை அஞ்சு வயது அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது.

நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கும் மரபும் பாதுகாப்பும் மோதும் இதே சிக்கல் வந்தது. பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்குவது அவர்கள் மரபு. கூடாது கூடாது என்று சொன்னதை யாரும் கேட்கவில்லை. மருத்துவர் டேவிட் டிபெனே-லீச் முதலானோர் 2006 அளவில் அவர்களுடைய சணல் போன்ற நாரிலேயே பின்னிய, அடி தட்டையான கூடை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ‘வஹகுரா’ என்று பெயர். பிள்ளை தாயின் படுக்கையிலேயே, ஆனால் தனக்கென்று ஓர் இடத்தில் தூங்கும். இதையும் இதுபோன்ற பிளாஸ்டிக் பெட்டிகளையும் பரவலாகக் கொடுத்த ஆண்டுகளில் அந்நாட்டில் சிசு மரணம் தெளிவாகக் குறைந்தது. தச்சு வேலையும் கூடை முடைதலும் தெரிந்த கைகள் நம் தோட்டங்களிலும் இருக்கின்றன. அடி தட்டையான ஒரு பெட்டிக்கட்டில் செய்வது இயலாத காரியம் அல்ல.

அந்தக் கட்டிலில் என்ன இருக்கலாம்? அழுத்தினால் குழியாத மெத்தை, இறுக்கமாக விரித்த ஒரு துணி. வேறெதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை, உருளாமல் இருக்க இரு பக்கமும் துணிச்சுருள், பொம்மை எல்லாமே வெளியே. மண்டை தட்டையாகிவிடும் என்ற கவலைக்குத் தீர்வு, விழித்திருக்கும் நேரத்தில் ஆள் பக்கத்திலிருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுவது. கழுத்தில் கட்டிய தாயத்துக் கயிற்றை அரையில் கட்டலாம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. தை, மாசி விடியலில் அங்கே புல்லில் பனி உறையும். அதனால் பிள்ளையைச் சுற்றிச் சுற்றி மூடுகிறோம். பல வேளை அளவுக்கு மீறி. உடல் அதிகம் சூடாவதும் திடீர் சிசு மரணத்தின் ஆபத்தைக் கூட்டும். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல், பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்ற வேண்டும். தனிப் போர்வையைவிட உடலோடு ஒட்டிய இரண்டு அடுக்குச் சட்டை நல்லது. போர்வை தேவையென்றால் நெஞ்சோடு நிறுத்தி, ஓரங்களை மெத்தைக்கடியில் செருகி, கைகளை வெளியே விட வேண்டும். உள்ளே தூங்கும்போது கம்பளித் தொப்பி வேண்டாம், நழுவி மூக்கை மூடும். கைகால் சேர்த்துத் துணி சுற்றுவதைப் பிள்ளை புரள முயலும்போதே நிறுத்திவிட வேண்டும்.

இரவில் லயத்துக் காம்பராவில் தாயின் அருகே பிள்ளை தூங்குவதைத் தவிர வேறு வழி பல குடும்பங்களுக்கு இல்லை. ஒரே அறையில் இருப்பது நன்மையே. ஒரே படுக்கைதான் என்றால், குடித்தவரோ புகைப்பவரோ அதில் படுக்கக் கூடாது. இருவருக்கு நடுவில் பிள்ளையைப் போடக் கூடாது. பீடி, சிகரெட் புகை காம்பராவுக்குள் மட்டுமல்ல, முன்திண்ணையான இஸ்தோப்பிலும் வேண்டாம். தாய்ப்பால் இந்த ஆபத்தைக் குறைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் தாயின் தலையில் கட்டிவிட்டுப் போவது நியாயமாகாது. பகலெல்லாம் பிள்ளை இருப்பது தோட்டத்தின் கூரையின் கீழ். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்கு மாறியபோது உருவாகி, இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இயங்கும் ‘ட்ரஸ்ட்’, பிள்ளைக்காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றும் பணியில் இருக்கிறது. சுவரில் வண்ணப்படமும் விளையாட்டுப் பொருளும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு நல்லது. மூன்று மாதப் பிள்ளைக்குத் தேவை ஒரு சமமான கட்டிலும், நாலு பிள்ளை ஒன்றாக அழுதாலும் எழுந்து வரக்கூடிய இன்னொரு ஆளும். பிள்ளையைப் புதிதாகக் கொண்டுவரும் தாய் முதல் நாளே கேட்கலாம்: என் பிள்ளையை எங்கே, எப்படிக் கிடத்துவீர்கள்? முதல் வாரம் முழுநாள் விடாமல் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாமா? பாலூட்ட வரும் அரை மணியில் நடக்கும் நேரம் சேருமா? இந்த மூன்று கேள்விக்கும் பதிலை எழுத்தில் தரும்படி தோட்டக் கமிட்டியும் சங்கத் தலைவர்களும் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். லயத்துக்கு வரும் மருத்துவமாது, தடுப்பூசி நாளன்று பிள்ளைக்காம்பராவுக்குள்ளும் எட்டிப் பார்த்துக் கட்டில்களைச் சரிபார்த்தால் கூடுதல் செலவு எதுவும் இல்லை.