டம்ளருக்குள் நாலு விரல்!

ஆறு வருஷம் தினமும் காலையில் ஒரே ஹோட்டலில் டிபன் சாப்பிட்டவன் நான். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பழக்கத்தை விட்டேன்.

ஏன்? பொங்கலில் பல்லி விழவில்லை. சாம்பார் ஊசிப் போகவில்லை. விலையும் ஏறவில்லை. சர்வர் நாலு டம்ளர் தண்ணீரை ஒரே கையால் தூக்கிக்கொண்டு வந்தார். எப்படி என்கிறீர்களா? ஒவ்வொரு டம்ளருக்குள்ளும் ஒரு விரல்! கட்டைவிரல் மட்டும் வெளியே, காவலுக்கு.

'இதெல்லாம் ஒரு காரணமா?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். ஆறு வருஷமாக அந்த விரல்கள் அப்படித்தான் வந்திருக்கும். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அதில் ஒரு விரலில் பிளாஸ்திரி வேறு!

தண்ணீரைத் தொடாமல் எழுந்தேன். மறுநாள் கால் தானாக எதிர்சாரிக்குப் போய்விட்டது.

எங்கள் பெரம்பூரில் ஹோட்டலுக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஒரு ரயில் நிலையம் கிடைக்காதா என்று பலர் ஏங்கும் நாட்டில், எங்களுக்கு மூன்று. பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். பக்கத்திலேயே 1955-ல் நேரு வந்து திறந்து வைத்த ஐ.சி.எஃப். ஷிப்ட் முடிந்து வருபவன், சென்ட்ரலுக்கு மின்சார ரயில் பிடிக்க ஓடுபவன், என்னைப் போல் பிரம்மசாரியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவன் என்று பசியோடு ஒரு படையே திரிகிறது. ஆனாலும் கடைகள் திறந்த வேகத்தில் போர்டு மாறுகின்றன. அசைவம் சைவமாகிறது, சைவம் செல்போன் கடையாகிறது.

ருசி சரியில்லாததால் மூடிய ஹோட்டல்கள் சிலதான் என்பது என் கட்சி. மற்றவை சில்லறை எரிச்சல்களால் செத்தவை.

கொஞ்சம் பட்டியல் போடுவோமா?

* உட்கார்ந்ததும் க்ளீனர் பையன் ஒரு துணியோடு வருவான். அது போன மாதம் என்ன நிறத்தில் இருந்தது என்று அதற்கே மறந்திருக்கும். டேபிளில் இருக்கும் சாம்பாரை அவன் துடைப்பதில்லை, நம் பக்கமாகத் தள்ளிவிடுகிறான். அது பேண்ட்டில் இறங்கும். அன்றைக்குப் பார்த்து ஆபீசில் மேனேஜர் மீட்டிங் இருக்கும்.

* 'என்ன இருக்கு?' என்றால் சர்வர் மூச்சு விடாமல் பதினெட்டு ஐட்டம் ஒப்பிப்பார். நாம் அதில் ஒன்றைச் சொன்னால், "அது முடிஞ்சிருச்சு ஸார்!"

* இரண்டாவது முறை சட்னி கேட்டுப் பாருங்கள். பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டது போல ஒரு பார்வை வரும். சட்னியும் வரும், நாம் தோசையை முடித்துக் கை கழுவப் போகும்போது.

* மதிய நேரத்தில் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். நாம் மோர் சாதத்துக்கு வந்துவிட்டோமா என்று எட்டி எட்டிப் பார்ப்பார். ரேஷன் கடை க்யூவில் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருக்கும்.

* காபி இன்னும் வந்திருக்காது. பில் வந்துவிடும். அதுவும் ஈர டேபிளில் விழுந்து, எவ்வளவு என்பது நமக்கும் ஆண்டவனுக்கும் மட்டும் தெரிகிற மாதிரி.

* கை கழுவும் இடத்தில் சோப்பு டப்பா இருக்கும். உள்ளே முக்கால்வாசி தண்ணீர், மீதி ஞாபகம்.

* கல்லாவில் முன்பெல்லாம் ஐந்து ரூபாய் பாக்கிக்கு மிட்டாய் கொடுத்தார்கள். இப்போது செல்போனை நீட்டினால், "ஸ்கேன் வேலை செய்யலை, கேஷ் குடுங்க." கேஷ் நீட்டினால், "சில்லறை இல்லை, ஸ்கேன் பண்ணுங்க!"

இதில் எதற்காவது யாராவது போலீசுக்குப் போவார்களா? மாட்டார்கள். பெரிய விஷயத்துக்குச் சட்டம் இருக்கிறது. பில்லில் சர்வீஸ் சார்ஜை ஹோட்டல்காரர்கள் தாங்களாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் டம்ளருக்குள் விரல் விட்டதற்கு எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது?

பூனை, நாய், எலி

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் கற்றதில் பாதி, ஹால் டிக்கெட்டோடு தொலைந்துவிட்டது. ஒரு பாடம் மட்டும் மறக்கவில்லை. 'குட்வில்' என்கிற நற்பெயர்.

கடையின் கட்டடத்துக்கு விலை உண்டு. கிரைண்டருக்கு விலை உண்டு. கண்ணுக்குத் தெரியாத நற்பெயருக்கும் விலை உண்டு. கடையை விற்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்குவார்கள். அது என்ன என்பதற்கு 1810-ல் எல்டன் பிரபு என்கிற ஆங்கிலேய நீதிபதி ஒரு விளக்கம் கொடுத்தார். பழைய வாடிக்கைக்காரர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வருவார்கள் என்கிற சாத்தியம்தான் நற்பெயர், வேறொன்றுமில்லை என்றார். இருநூறு வருஷம் கழித்தும் பி.காம். பையன்கள் அதை உருப்போடுகிறார்கள்.

அதே பாடத்தில் ஒரு மிருகக்காட்சி சாலையும் வரும். வாடிக்கைக்காரர்களில் பூனை ஜாதி உண்டு. வீட்டுக்காரர் மாறினாலும் பூனை வீட்டை விடாது. அதுபோல முதலாளி மாறினாலும் இந்த ஆட்கள் அதே கடைக்கு வருவார்கள். நாய் ஜாதி ஆளோடு போகும். மாஸ்டர் வேறு ஹோட்டலுக்குப் போனால் இவர்களும் பின்னாலேயே போவார்கள். எலி ஜாதி எதிலும் ஒட்டாது. இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ. இதில் கடைக்கு அதிக மதிப்பு தருவது பூனைதான்.

நான் ஆறு வருஷம் பூனையாக இருந்தேன். ஒரு பிளாஸ்திரி என்னை எலியாக்கியது!

கணக்கும் போட்டுப் பார்த்தேன். தினம் அறுபது ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள். வருஷத்துக்குப் பதினெட்டாயிரம். நான் போனதால் என்னோடு சாப்பிட்ட நண்பர்கள் நாலு பேரும் போனார்கள். ஆக வருஷத்துக்குத் தொண்ணூறாயிரம். டம்ளர்களை அடுக்கிவர ஒரு தட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் மக்

சாப்பாட்டு ஹோட்டல்தான் என்றில்லை, தங்கும் லாட்ஜும் இப்படித்தான்.

பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாக இதய பைபாஸ் ஆபரேஷன் நடந்தது அங்கேதான். 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் செய்தார். ரயில்வே குடும்பங்கள் வெளியூர்களிலிருந்து இங்கே வருகின்றன. நோயாளிக்கு உள்ளே கட்டில் கிடைத்துவிடும். கூட வந்தவர்கள் அறை தேட வேண்டும்.

ஜோலார்பேட்டையிலிருந்து என் பெரியப்பா வந்தார். ரிட்டயர்டு கார்டு. நெஞ்சுவலி. பெரியம்மாவும் அண்ணனும் ஒரு லாட்ஜில் ஐந்து நாள் தங்கினார்கள். அறை சுத்தம். வாடகையும் நியாயம். ஆனால் பாத்ரூமில் பக்கெட் இருந்தது, மக் இல்லை.

"கேட்டியா பெரியம்மா?"

"தினம் கேட்டேன்ப்பா. 'வரும்மா, வரும்மா'ன்னு சொன்னான். நாங்க காலி பண்ற அன்னிக்குத்தான் கொண்டு வந்தான். டிப்ஸ் கேட்கிறதுக்காக!"

சுடுதண்ணீர் காலை ஏழு மணிக்குத்தான். பெரியம்மாவோ ஆறு மணிக்கே ஃபிளாஸ்க்கோடு வார்டு வாசலில் நிற்க வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், 'அவருக்கு எப்படி இருக்கோ' என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு இருக்கிற அம்மாவுக்கு, காபி டம்ளரால் தண்ணீர் மொண்டு குளிப்பது சின்ன விஷயமாகத் தெரியுமா? மனசு கலங்கியிருக்கும்போது ஒரு மக்கும் மனுஷாள் மாதிரி. இருந்தால் ஆறுதல், இல்லாவிட்டால் அழுகை.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருகிறார். லாட்ஜ் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. "உன் ரூம்லயே தங்கிக்கறோம்ப்பா, மக் இருக்கில்ல?" என்கிறார் பெரியம்மா. லாட்ஜ்காரருக்கு வருஷத்துக்கு நாலு முறை வாடகை நஷ்டம். எனக்கு நாலு முறை தரையில் படுக்கை.

ஓடிப் போனவர்கள்

பெரியம்மா லாட்ஜ் முதலாளியிடம் புகார் சொல்லவில்லை. "நமக்கெதுக்குப்பா வம்பு, நாலு நாள்தானே?" என்றார். நானும் என் ஹோட்டலில் சொல்லவில்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்று ஒரு பொருளாதார அறிஞர். நைஜீரியாவின் ரயில்வேயைப் பார்த்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வடக்கே விளைகிற வேர்க்கடலை எண்ணூறு மைல் தாண்டித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு தூரத்துக்கு ரயில்தானே லாபம்? ஆனால் லாரியில் போனது. லாரி போட்டிக்கு வந்தும் ரயில்வே ஏன் திருந்தவில்லை என்று யோசித்து, 1970-ல் ஒரு புத்தகமே எழுதினார்.

அவர் கண்டது இதுதான். ஒரு இடம் சரியில்லை என்றால் மனுஷன் இரண்டில் ஒன்றைச் செய்வான். வாயைத் திறந்து சொல்வான், அல்லது வெளியே போய்விடுவான். லாரி வந்ததும், ரயிலில் இருந்திருந்தால் யார் அதிகம் சத்தம் போட்டிருப்பார்களோ, அவர்களே முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் பேசாதவர்கள். ரயில்வேயின் காதில் எதுவும் விழவில்லை. அப்புறம் எப்படித் திருந்தும்?

ரயில் பெட்டி செய்கிற ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தபோது, எனக்கு அந்த ஹோட்டல் முதலாளி முகம்தான் ஞாபகம் வந்தது.

நான் போவதை நிறுத்திப் பத்து நாள் இருக்கும். ஸ்டேஷன் வாசலில் என்னைப் பிடித்துவிட்டார்.

"என்னா ஸார், ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சேச்சே, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. காலைல லேட்டாயிடுது."

"டிபன்ல ஏதாச்சும் குறையா ஸார்?"

"ஐயோ, உங்க பொங்கலுக்கு என்ன குறை? பிரமாதம்!"

பொய் சொல்லவில்லை. பொங்கல் பிரமாதம்தான். ஆனால் அவர் கேட்டது பொங்கலை இல்லையே!

அடுத்த வருஷம் அந்தக் கடை மூடியது. வாடகையை ஏற்றினார்களாம். கூட்டமும் குறைந்துவிட்டதாம். இப்போது அங்கே செருப்புக் கடை. சில மாதம் கழித்து மாதவரம் நெடுஞ்சாலையில் அவரைப் பார்த்தேன். வேறு ஒருவர் ஹோட்டலில் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சம்பளத்துக்கு.

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் ஸார் சொன்னாங்க. கடைசி வரைக்கும் யாரும் ஒரு குறை சொல்லலை. ஆனா ஏன் வரலைன்னுதான் தெரியலை" என்றார்.

எனக்குத் தெரியும். அன்றைக்கும் சொல்ல வாய் வரவில்லை. காபிக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் வாங்க மறுத்தார் என்பது கூடுதல் தண்டனை.

அவர் கடை ஒரு விரலால் மூடியது என்று நான் சொல்லவில்லை. வாடகைக்கு அதில் பெரிய பங்கு. ஆனால் அவர் கேட்டபோது ஒருவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒருவன் நானாக இருந்திருக்கலாம். ஊர் பேர் தெரியாத ஹோட்டலைப் பற்றி செல்போனில் ஒற்றை நட்சத்திரம் குத்துகிற நமக்கு, ஆறு வருஷம் சோறு போட்டவரிடம் மெதுவாக ஒரு வார்த்தை சொல்லக் கூச்சம்!

அதனால் போன மாதம் ஒரு சபதம் எடுத்தேன். இப்போது சாப்பிடுகிற ஹோட்டலிலும் நாலு விரல் தண்ணீர் வந்தது. பில் கொடுக்கும்போது கல்லாவில் குனிந்து ரகசியமாகச் சொன்னேன்.

"தப்பா நினைக்காதீங்க. டம்ளருக்குள்ள விரல் விட்டு எடுத்துட்டு வர்றாங்க. ஒரு தட்டுல கொண்டு வந்தா நல்லாயிருக்கும்."

முதலாளி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஹோட்டல் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "டேய்! இனிமே எவனாச்சும் தண்ணில விரலை வுட்டே, அப்பறம் இருக்கு! ஸார் கம்ப்ளெயின்ட் பண்றாரு பாரு!"

முப்பது தலைகள் திரும்பி என்னைப் பார்த்தன. சட்னிக் கரண்டியோடு நின்ற சர்வர் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த ஜென்மத்தில் இனி இரண்டாவது சட்னி கிடையாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் பயந்துகொண்டே போனேன். எவர்சில்வர் தட்டில் நாலு டம்ளர் வந்தது. அதே சர்வர். தட்டை வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினார்.

"பத்தும் இங்க இருக்கு ஸார், எண்ணிக்குங்க!"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கேட்காமலே இரண்டாவது சட்னி வந்தது.