மருந்தின் மெய்ம்மை

முடக்குவாதம் மூட்டுகளைப் பற்றும் கொடிய நோய். உடலைக் காக்க வேண்டிய ஆற்றலே மூட்டுகளைத் தாக்குவதால் வீக்கமும் வலியும் உண்டாகின்றன. தொடக்கத்திலேயே தடுக்காவிடில், விரல்கள் கோணி, உழைக்கும் கை செயலற்றுப் போகும். ஆதலின், இந்நோயைத் தணிக்கும் மருந்து எது என்பதை ஐயமற அறிதல் வேண்டும்.

ஆயுர்வேதமே சிறந்தது என்பர் சிலர். ஆங்கில மருந்தே சிறந்தது என்பர் வேறு சிலர். இவ்வழக்கைத் தீர்ப்பது எங்ஙனம்? உடுமலைப்பேட்டைக்கு வடமேற்கே உள்ள கோயம்புத்தூரில் இதற்கெனத் தேர்வொன்று நடைபெற்றது. நோய் தோன்றி ஏழாண்டு நிரம்பாத 43 பேர் அதில் பங்குகொண்டனர். நோய் மிக்கோரும் குறைந்தோரும் ஒருபால் சேர்ந்துவிடாதவாறு, குலுக்கல் போன்ற முறையால் அவர்கள் மூன்று பிரிவினராக வகுக்கப்பெற்றனர். முதற்பிரிவினர்க்கு ஆயுர்வேத மருந்தும், இரண்டாம் பிரிவினர்க்கு மெத்தோடிரெக்சேட் என்னும் மருந்தும், மூன்றாம் பிரிவினர்க்கு இரண்டும் அளிக்கப்பெற்றன.

மருந்து உண்கிறோம் என்னும் நம்பிக்கையே சிறிது நலம் தருவதுண்டு. மருத்துவர்க்கும் விருப்பு வெறுப்பு உண்டு. ஆதலின், ஒரு மருந்து மட்டும் பெற்றோர்க்கு, மற்றதைப் போலவே தோன்றும் போலி மருந்தும் உடன் வழங்கப்பெற்றது. எவர்க்கு எது மெய்ம்மருந்து என்பதை நோயாளரும் அறியார், மருத்துவரும் அறியார். 36 வாரங்கள் தேர்வு நடந்தது. வீங்கிய மூட்டுகள் எண்ணப்பெற்றன, குருதி சோதிக்கப்பெற்றது.

முடிவு 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலம் பெற்றிருந்தனர். எனினும், 43 பேர் என்பது சிறு தொகையே. ஆதலின், ஆய்வாளர் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, பெருந்தேர்வுகள் வேண்டும் என்றனர். பழமை, புதுமை என்னும் பற்றினை விலக்கி மெய்யை நாடுவதே அறிவுடைமையாகும்.