கடலையும் ஆறப் போடுவோம்

நிலத்தில் ஓய்வின்றிப் பயிரிட்டால் முதலில் களஞ்சியம் நிறையும். பின்னர் மண் சோர்ந்துவிடும். இதை அறிந்தே உழவர் நிலத்தை ஆறப் போடுகின்றனர். ஏழாம் ஆண்டில் நிலம் ஓய்வு கொள்ளவேண்டும் என இறைவன் இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டதை லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கடலுக்கும் அத்தகைய ஓய்வு வேண்டுமா? தென் அமெரிக்காவின் சிலி நாடு பெரும் விலை கொடுத்து இவ்வினாவிற்கு விடை கண்டது.

அந்நாட்டின் தென்பகுதியில் சிலோயே என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. இயேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் படகேறித் தீவு தீவாகச் சென்று நற்செய்தி அறிவித்த இடம் அது. அம்மரபில் எழுந்த மர ஆலயங்களுள் 16, உலகப் பாரம்பரியச் சின்னங்களாக 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டன. அவ்வாலயங்களின் நிழலில் வாழும் மக்களுள் பலர் மீனவர்.

1980களில் அங்கே சால்மன் பண்ணைகள் பெருகலாயின. சால்மன் அக்கடலுக்கு உரிய மீன் அன்று. வடகோளத்திலிருந்து முட்டையாகக் கொண்டுவரப்பட்டது. மிதக்கும் வலைக்கூண்டுகளில் அதனை நெருக்கமாக வளர்த்தனர். தின்னாத தீவனமும் மீன்களின் கழிவும் கடலடியில் படிந்து, அங்குள்ள உயிர்வளியைக் குறைத்தன. ஒரு பண்ணையின் நோயை நீரோட்டம் மறு பண்ணைக்குச் சுமந்து சென்றது. ஆயினும் இலாபம் பெருகியதால் எவரும் நிறுத்தவில்லை.

2007இல் கொடிய வைரஸ் நோயொன்று பரவியது. 2008இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன்னாக இருந்த அட்லாண்டிக் சால்மன் விளைச்சல், 2010இல் அதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். பேராசை முதலாளியுடையது, பட்டினியோ ஏழையுடையது!

அதன் பின்னரே விதிகள் திருந்தின. அருகருகே உள்ள பண்ணைகள் ஒரு குழுவாக்கப்பட்டன. ஏறத்தாழ 2 ஆண்டு வளர்ப்பு முடிந்ததும், குழுவிலுள்ள எல்லாக் கூண்டுகளும் ஒரே வேளையில் காலியாகி 3 மாதம் ஓய்ந்திருக்க வேண்டும். ஒருவர் ஓய்ந்து அடுத்தவர் ஓயாவிடில் பயனில்லை. தங்குவதற்கு மீன் இல்லாதபோது நோய்க்கிருமியும் மீன்பேனும் குறைகின்றன. கடலடியும் மெல்லத் தேறத் தொடங்குகிறது.

ஓய்வு மட்டும் போதுமா? போதாது. சிலியின் பண்ணைகள் இன்றும் ஆண்டுக்கு 300 டன்னுக்கு மேல் ஆன்டிபயாடிக் மருந்துகளை இடுகின்றன. கிருமிகள் இம்மருந்துகளுக்குப் பழகிவிட்டால், நாளை நோயுற்ற மனிதனுக்கும் அவை உதவாமற் போகலாம். 1987இல் நார்வேயும் ஏறத்தாழ 50 டன் இட்டது. பின்னர் மீன்குஞ்சுகளுக்குத் தடுப்பூசி போட்டு, பண்ணைகளை விலக்கி அமைத்தது. இன்று சிலியைவிட மிகுதியாகச் சால்மன் வளர்க்கும் அந்நாடு ஆண்டுக்கு ஒரு டன்னும் இடுவதில்லை. சிலியை வாட்டும் நோய் வேறு. அதற்கு உறுதியான தடுப்பூசி இன்னும் வாய்க்கவில்லை. ஆயினும் மனம் வைத்தால் மாற முடியும் என்பதற்கு நார்வே சான்று.

2008 செப்டம்பரில், சிலோயேக்குத் தெற்கேயுள்ள அய்சேன் பகுதியின் ஆயர் லூயிஸ் இன்ஃபாந்தி, 'எங்கள் அன்றாடத் தண்ணீரை இன்று எங்களுக்குத் தாரும்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டு மேய்ப்புப் பணி மடல் வரைந்தார். நீர் வணிகப் பொருளன்று, அனைவருக்கும் உரிய இறைக்கொடை என்பதே அதன் கருத்து.

அன்பர்களே, மீன் வளர்ப்பது பாவமன்று; பசித்தோர்க்கு உணவளிக்கும் நற்பணியே. 'இன்னும், இன்னும்' என்னும் மனமே பாவத்திற்கு வாயில். கடைகளையும் கணக்குகளையும் மூடிவைத்து ஞாயிறன்று குடும்பத்தோடு திருப்பலிக்கு வருகின்றோமே, அதுவும் 'போதும்' என்று சொல்லப் பழகும் பாடந்தான். அப்பாடத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். நாளை நிலத்தையும் கடலையும் ஆளப்போகிறவர்கள் அவர்களே.