பட்டமும் தோட்ட வீடும்

பட்டம் பெற்றவுடன் வேலை கிடைப்பது எங்குமே அரிது. கோலசிலாங்கூர்த் தோட்டங்களிலோ அந்தக் காத்திருப்புக்கு ஒரு கெடுவும் உண்டு. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கங்களில் தோட்ட வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் ஒப்படைக்க வேண்டியது. தனியார் துறையில் ஓய்வு வயது 2013 முதல் குறைந்தது 60. கடைசிப் பிள்ளை படிப்பை முடிக்கும் காலமும் பல வீடுகளில் அதுவே. 1997-இல் தோன்றிய உயர்கல்விக் கடன் நிதியின் தவணையும் அடுத்துத் தொடங்கும்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று பழையோர் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவிலேயே சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படிப்பு அருகே வந்தது; வேலையோ பெரும்பாலும் ஷா ஆலம், கோலாலம்பூர் பக்கந்தான். ஆகவே அரசாங்க வேலைக்கு மனுப் போட்டவரும் பதில் வரும்வரை பொறுத்திராமல் கிடைத்த தொழிற்சாலையில் சேர்ந்துவிடுகிறார். இலட்சியமில்லாப் பிள்ளைகள் என்போர் வாடகைக் கணக்கு அறியாதவர் போலும்! முதற்சம்பளம் வந்ததும் இவர்கள் தேடுவது பெற்றோருக்கு ஒரு வாடகை வீடு.