மாடி இருக்கட்டும், படி எங்கே?

ஒரு காலத்தில் வேலூர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போனவர்கள் மவுண்ட் ரோடில் அண்ணாந்து பார்த்த அதிசயம் ஒன்று உண்டு. 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம்தான் அது! வெளியே நின்றவர்களுக்கு வேடிக்கை. உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்தவர்களுக்கு என்ன லாபம்?

பழைய பாணியில் பாரத்தைச் சுவர்தான் சுமக்கும். மாடி ஏற ஏற அடிச்சுவர் தடிக்கும், ஜன்னல் சிறுக்கும். லண்டன் நிபுணர்கள் பிரவுனும் மௌலினும் வரைந்து, சென்னை எல்.எம். சித்தாலே முடித்துக் கொடுத்த இந்தக் கட்டடத்தில் பாரம் கான்கிரீட் தூண்களுக்குப் போயிற்று. சுவர் வெறும் திரைதான்! அகலமான கூடங்கள், வரிசையாக ஜன்னல்கள், மூச்சு வாங்காமல் மேலே போக லிப்ட்.

ஆனால், 1975-இல் அங்கே தீப்பிடித்தபோது உயரத்தின் மறுபக்கமும் தெரிந்தது. நெருப்பு வந்தால் லிப்டை நம்பக் கூடாது. கதவில்லாத படிக்கட்டோ புகைபோக்கியாகிவிடும். உயிர் காப்பது, புகை நுழையாத இன்னொரு படிதான்.

'அது பட்டணத்துச் சங்கதி' என்று இருந்துவிடலாமா? ஆம்பூர் வட்டாரத்துச் செருப்புத் தொழிற்சாலைகளில் தைக்கிறவர்களில் பெண்களே அதிகம். அங்கே ஒட்டும் பசையின் ஆவி சட்டென்று தீப்பற்றக் கூடியது. வேலை நேரத்தில் வெளியேறும் கதவைப் பூட்டி வைக்கக் கூடாது என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிற்று.

மகளையோ மருமகளையோ புதுக் கட்டடத்துக்கு வேலைக்கு அனுப்புகிறீர்களா? முகப்புக் கண்ணாடியைக் கண்டு மயங்காதீர்கள். இரண்டாவது படி எங்கே, அதன் கதவு திறக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வரச் சொல்லுங்கள்!