பாடசாலை வாசல் வீதியை மூடச் சொல்லி யாருக்கு எழுதுவது?

காலை ஏழேகாலுக்குக் கண்டி மாவட்டத்தின் வத்தேகமவில் ஒரு பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். வான் பின்னால் எடுக்கும், அதன் பின்னே இரண்டாம் வகுப்புப் பிள்ளை நிற்கும், சாரதிக்குத் தெரியாது. தன் பிள்ளையை வாசற்படி வரை வாகனத்திலேயே கொண்டுபோய் இறக்க வேண்டும் என்ற அவசரம்தான் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து.

பாடசாலை தொடங்குமுன் அரை மணியும் விடும்போது அரை மணியும் அந்தத் துண்டு வீதியை வாகனங்களுக்கு மூடலாம். இத்தாலியின் பொல்சானோ 1980களின் இறுதியிலேயே இதைச் செய்தது. இன்று லண்டனில் நூற்றுக்கணக்கான பாடசாலைகளில் நடக்கிறது. இங்கே நடக்காதாம்! எசல பெரஹரவுக்கு ஆண்டுதோறும் கண்டி வீதிகளை மூடுவது யார்? 1998இல் தலதா மாளிகையில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பின் அதன் முன் வீதியில் ஆண்டுக்கணக்கில் வாகனம் ஓடவில்லை. ஊர் பழகிக்கொண்டது.

பெற்றோர் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை, அதிபரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது. வாசலுக்கு வெளியே அதிபருக்கு அதிகாரமில்லை. முதலில் வீதி யாருடையது என்று கேளுங்கள். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி என்றால் மாகாண வீதி நிர்வாகம். உள்வீதிகள் நகர எல்லைக்குள் வத்தேகம நகர சபைக்கு, வெளியே பாததும்பறை பிரதேச சபைக்கு. பஸ் ஓடும் பிரதான வீதியை மூடித் தரமாட்டார்கள். அங்கே வாசலிலிருந்து சற்றுத் தள்ளி இறக்குமிடம் கேளுங்கள்.

பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் தீர்மானம் எழுதுவியுங்கள். ஒரு வாரம் காலையும் பிற்பகலும் வாகனங்களை எண்ணுங்கள். மூட வேண்டிய பகுதியைக் கையால் வரைந்தாலும் போதும். அந்த வீதியில் குடியிருப்போர், கடைக்காரர் கையொப்பம் கட்டாயம் வேண்டும். அம்புலன்ஸ், குடியிருப்போர், நடக்க முடியாத பிள்ளைகளின் வாகனங்களுக்கு விலக்கு என்று கடிதத்திலேயே எழுதுங்கள். உள்வீதி என்றால் கடிதம் சபையின் தலைவருக்கும் செயலாளருக்கும். பிரதிகள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் வத்தேகம வலயக் கல்விப் பணிப்பாளருக்கும். தமிழில் எழுதுங்கள், அது அரசியலமைப்பு தந்த உரிமை. பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

'பார்ப்போம்' என்பது பதிலல்ல. ஒரு பொலிஸ்காரரை இரண்டு நாள் நிறுத்திவைப்பதும் பதிலல்ல. மாதம் கடந்தும் மௌனமென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 'எங்கள் கடிதத்தின் மீது என்ன நடவடிக்கை?' என்று சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலைநாட்களுக்குள் முடிவுசெய்தாக வேண்டும்.

அனுமதி வருமுன் நீங்களாகக் கயிறு கட்டாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், கட்டாதீர்கள். அது வீதித் தடையாகி, வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். தீர்மானம் கூட்ட அறிக்கையில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே எழுந்து வாருங்கள்.