முதற்கோணல் முற்றும் கோணலா?

'முதற்கோணல் முற்றும் கோணல்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தொடக்கம் பிழைத்தால் முடிவும் பிழைத்துவிடும் என்று அஞ்சுவது மனித இயல்பு. இந்த அச்சத்தை லட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் அனுபவிக்கும் காட்சியைக் காண வேண்டுமானால், அமெரிக்க நாட்டின் பல்கலைக்கழக நகரங்களுக்குத்தான் செல்ல வேண்டும். ஆகஸ்டு மாதக் கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் அங்கே கல்லூரிக் கால்பந்துப் பருவம் தொடங்குகிறது. முதல் ஆட்டத்தில் தம் அணி தடுமாறிவிட்டால் ரசிகர்கள் படும் பாடும் பேசும் பேச்சும் தனியே ஆராயத்தக்கவை. ஒரு கல்லூரியைத் 'தன்னுடையது' என்று கருதும் மனம் எப்படி இயங்குகிறது என்பதை அவை நமக்குக் காட்டுகின்றன.

ஆட்டமும் பருவமும்

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியின் எல்லைக் கோட்டைக் கடக்கும் ஆட்டம் அது. பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜ தூரம் முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எல்லையைக் கடந்தால் 6 புள்ளிகள். கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவரைக் குவார்ட்டர்பேக் என்பர். கல்லூரிகளுக்கிடையிலான முதல் ஆட்டம் என்று குறிக்கப்படுவது 1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் ஆடியது. அதில் ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. இன்று சில பல்கலைக்கழகங்களின் அரங்குகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து பார்க்கிறார்கள்.

முதல் ஆட்டத்துக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, ஒரு பருவத்தில் ஓர் அணி வழக்கமாக ஆடுவது 12 ஆட்டங்களே. சாம்பியன் பட்டத்தை நாடும் அணிக்கு ஒரு தோல்வியே பெரிய அடி. 2023 வரை இரண்டு தோல்விகள் பெரும்பாலும் ஆசையை முடித்துவிடுவதுண்டு. இரண்டாவது, தொழில்முறை அணிகளுக்கு இருப்பதைப் போன்ற முன்னோட்டப் போட்டிகள் கல்லூரி அணிகளுக்கு இருப்பதில்லை. தமக்குள்ளேயே இரு பிரிவாகப் பிரிந்து ஆடிப் பார்த்துவிட்டு நேரே களத்தில் இறங்குகிறார்கள். ஆண்டுதோறும் சிலர் படிப்பை முடித்துச் செல்வர். சிலர் வேறு கல்லூரிக்கு மாறுவர். ஆகவே முதல் நாளில் களத்தில் நிற்பது புதிய அணி. மூன்றாவது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரே ஓர் ஆட்டம்கூட நடப்பதற்கு முன்பே தரவரிசைப் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. அதில் தம் கல்லூரியின் பெயரைப் பார்த்த ரசிகர் கோடை முழுவதும் கனவிலேயே வாழ்கிறார். முதல் ஆட்டம் அந்தக் கனவுக்கு வைக்கும் முதல் தேர்வு.

வென்றும் மகிழாத ரசிகர்கள்

2014ஆம் ஆண்டு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தின் முன்பட்டியலில் அதற்கு 5ஆம் இடம். ஆனால் ஆட்டம் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, அனுபவம் மிக்க குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குப் பயிற்சியில் தோளில் காயம் ஏற்பட்டது. அதுவரை கல்லூரி ஆட்டம் ஒன்றிலும் ஆடியிராத ஜே. டி. பாரெட் அவ்விடத்துக்கு வந்தார். ஆகஸ்டு 30ஆம் நாள் பால்டிமோர் நகரில் கடற்படைக் கல்லூரி அணியுடன் முதல் ஆட்டம். இடைவேளையின்போது முன்னிலையில் இருந்தது கடற்படை அணி! பிற்பாதியில் தேறிய ஒஹையோ 34-17 என்று வென்றது. ஆயினும் அடுத்த பட்டியலில் அது 5ஆம் இடத்திலிருந்து 8ஆம் இடத்துக்கு இறங்கியது. வென்ற அணிக்கே இறக்கம்!

இத்தகைய நாட்களில் ரசிகர் கூட்டம் மூன்றாகப் பிரிவதைக் காணலாம். 'இந்தப் பருவம் அவ்வளவுதான்' என்று கைவிரிப்பவர் ஒரு சாரார். 'எப்படியோ வென்றோமே, அது போதாதா?' என்று ஆறுதல் கொள்பவர் மற்றொரு சாரார். எதிர் அணியின் ஆட்டமுறை புதிராக இருந்தது, நம் தடுப்பு வரிசையில் புதியவர் பலர் என்று காரணங்களை அலசுபவர் மூன்றாம் சாரார். முதல் இரு சாராரின் குரலே ஓங்கி ஒலிக்கும். மூன்றாமவர் சொல்வதைக் கேட்கப் பொறுமை வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, சொந்த அரங்கிலேயே வர்ஜீனியா டெக் அணியிடம் ஒஹையோ 35-21 என்று தோற்றது. கைவிரித்தவர்கள் 'நான் அன்றே சொன்னேன்' என்றிருப்பார்கள். பட்டியலில் இடம் 22 ஆயிற்று. ஆனால் அதன்பின் அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. நவம்பர் இறுதியில் பாரெட்டின் கணுக்கால் எலும்பு முறிந்தபோது, மூன்றாம் நிலையில் இருந்த கார்டேல் ஜோன்ஸ் வந்தார். விஸ்கான்சின் அணியை 59-0 என்றும், அலபாமாவை 42-35 என்றும், 2015 ஜனவரி 12ஆம் நாள் இறுதிப் போட்டியில் ஆரிகன் அணியை 42-20 என்றும் வென்று ஒஹையோ தேசிய சாம்பியன் ஆயிற்று.

தோல்வியும் கொண்டாட்டமும்

தடுமாற்றம் தோல்வியிலேயே முடிந்த நாளும் உண்டு. 2007 செப்டம்பர் 1ஆம் நாள், பட்டியலில் 5ஆம் இடத்தில் இருந்த மிச்சிகன் பல்கலைக்கழக அணி, ஆன் ஆர்பர் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர் முன்னிலையில் அப்பலாச்சியன் ஸ்டேட் அணியைச் சந்தித்தது. பின்னது இரண்டாம் நிலைப் பிரிவைச் சேர்ந்த அணி. அந்தப் பிரிவில் அது சாம்பியன் என்பதைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஆட்டம் முடிய 26 விநாடிகள் இருக்கையில் அப்பலாச்சியன் 34-32 என்று முந்தியது. மிச்சிகன் கடைசியாக உதைத்த பந்தைக் கோரி லிஞ்ச் என்னும் வீரர் பாய்ந்து தடுத்தார். அரங்கம் உறைந்து நின்றது.

அதே வேளையில் வட கரோலினா மாநிலத்தின் பூன் என்ற மலைநகரில் நடந்தது வேறு. ஆட்டமே நடவாத தங்கள் அரங்குக்குள் மாணவர்கள் புகுந்து, கோல் கம்பத்தைப் பிடுங்கித் தோளில் சுமந்து சென்று, தங்கள் பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு முற்றத்தில் போட்டார்கள்! ஒரே ஆட்டம், ஒரே முடிவு; ஓரிடத்தில் இழவு வீடு, மற்றோரிடத்தில் திருவிழா.

மிச்சிகன் அடுத்த வாரமும் ஆரிகன் அணியிடம் 39-7 என்று தோற்றது. பின்னர் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்றது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஃபுளோரிடாவை 41-35 என்று வீழ்த்தி 9 வெற்றி, 4 தோல்வி என்று முடித்தது.

அப்படியானால் பழமொழி பொய்யா? முற்றிலும் பொய் என்று சொல்லிவிட முடியாது. 2024இல் 10ஆம் இடத்தில் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்டேட், அயர்லாந்தின் டப்ளின் நகரில் முதல் ஆட்டத்தை ஜார்ஜியா டெக் அணியிடம் 24-21 என்று இழந்தது. பருவ முடிவில் 2 வெற்றி, 10 தோல்வி. அதற்கு மாறாக, 1983இல் மயாமி பல்கலைக்கழக அணி ஃபுளோரிடாவிடம் முதல் ஆட்டத்தில் 28-3 என்று படுதோல்வி கண்டு, அதே பருவத்தில் சாம்பியன் பட்டம் பெற்றது. ஆக, முதல் ஆட்டம் ஓர் அணியின் குறைகளைக் காட்டும். அவை திருந்துமா என்பதை அதனால் காட்ட முடியாது.

'நாம்' என்றும் 'அவர்கள்' என்றும்

ரசிகர் மனத்தை உளவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினியும் அவருடைய துணைவர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பின் திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களின் உடையை ஏழு பல்கலைக்கழகங்களில் கவனித்தார்கள். அணி வென்ற வாரங்களில் கல்லூரியின் பெயரோ சின்னமோ பொறித்த உடையணிந்து வந்தவர் அதிகம். பிறகு தொலைபேசியில் மாணவர்களிடம் ஆட்டங்களைப் பற்றிக் கேட்டார்கள். வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்ற சொல் அதிகம் வந்தது. வெற்றி கிட்டாத ஆட்டத்தைச் சொல்லும்போது குறைந்தது. ஆங்கிலத்தில் தனிச் சொல்லால் வெளிப்படுவது நம் மொழியில் வினைமுற்றிலேயே வெளிப்பட்டுவிடும்: 'வென்றோம்', 'தோற்றார்கள்'. 'ஓம்' எங்கே 'ஆர்கள்' ஆகிறதோ, அங்கே ரசிகர் அணியைவிட்டு விலகி நிற்கிறார் என்று அறியலாம்.

இந்த விலகலால் பாதிக்கப்படுவோர் யார்? களத்தில் ஆடுபவர்கள் 18 முதல் 22, 23 வயதுக்குட்பட்ட மாணவர்கள். ஞாயிறன்று வசவு வாங்கிய இளைஞன் திங்களன்று, வசைபாடியவர்களோடு அதே வகுப்பில் உட்கார வேண்டும். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் விளையாட்டுச் சூதாட்டம் பல மாநிலங்களில் சட்டபூர்வமாயிற்று. பந்தயப் பணத்தை இழந்தவரின் ஆத்திரமும் இப்போது ரசிகரின் வருத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயராலும் புகழாலும் பொருளீட்டலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் தரலாம். 'காசு வாங்குகிறவன் பேச்சும் வாங்கட்டுமே' என்று வாதிடுவோர் உண்டு. ஊதியம் பெறுபவரின் வேலையில் குறை காணலாம், அது நியாயம். அவரை இழித்துப் பேச எந்த ஊதியமும் நமக்கு உரிமை தருவதில்லை.

பிழையைச் சுட்டிக்காட்டும் ரசிகர் அணிக்குத் தேவையானவரே. 'நம் தடுப்பு வரிசை தளர்ந்திருக்கிறது' என்பவர் 'நம்' என்ற சொல்லை விடவில்லை. அவருடைய கண்டிப்பும் உறவுக்குள்ளேயே நிற்கிறது. 2014 செப்டம்பரில் பாரெட் தோற்றுத் தலைகுனிந்து வெளியேறியபோது, அந்தப் பருவம் எங்கே முடியும் என்று அரங்கில் இருந்த எவருக்கும் தெரியாது. தெரியாத நிலையிலும் 'நாம் தோற்றோம்' என்று சொன்னவர்கள் சிலரேனும் அங்கே இருந்திருப்பார்கள். ஜனவரியில் 'நாம் வென்றோம்' என்று சொல்ல முழு உரிமை பெற்றவர்கள் அவர்களே. நம் கல்லூரி மைதானத்திலும் அணிகள் உண்டு, முதல் ஆட்டங்கள் உண்டு. அங்கே நம் வாயில் வருவது 'ஓம்' விகுதியா, 'ஆர்கள்' விகுதியா என்று நாமும் ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம்.